கைக்கடிகாரம் சொல்வதும் மருத்துவர் கேட்பதும்

சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடும் ஒருவர் இன்று கம்பத்திலோ போடியிலோ மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, பழைய மருந்துச் சீட்டோடு வேறு சிலவற்றையும் எடுத்துப் போகிறார். நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிய பிரஷர் அளவுகள், செல்பேசிச் செயலியில் சேர்ந்துகிடக்கும் சுகர் கணக்கு, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை வாங்கிக்கொடுத்த கைக்கடிகாரம் வரைந்த இதயத்துடிப்புக் கோடு. எல்லாமே மருத்துவமனைக்கு வெளியே நோயாளியே எடுத்த அளவுகள். வெகுகாலம் அளக்கும் கருவி மருத்துவரிடம் மட்டும்தான் இருந்தது. இப்போது அது வீட்டு அலமாரிக்கும் மணிக்கட்டுக்கும் வந்துவிட்டது.

இந்த அளவுகளைப் பற்றி மருத்துவர்கள் என்ன நினைக்கிறார்கள்? பல நாடுகளில் ஆய்வாளர்கள் மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் இதைக் கேட்டிருக்கிறார்கள். கிடைத்த பதில்கள் பெரிதும் ஒத்துப்போகின்றன. நோயாளி வீட்டில் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கும் ஆசைதான். ஆனால் அந்த அளவை நம்பலாமா, பார்க்க நேரம் இருக்கிறதா, பார்த்தபின் யார் பொறுப்பு என்ற மூன்று தயக்கங்கள் எங்கேயும் எழுகின்றன. இவற்றில் முதல் தயக்கம் புறநோயாளிப் பிரிவில் நேரடியான கேள்விகளாக வரும். எதுல பார்த்தீங்க? எப்பப் பார்த்தீங்க? அப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க? இவற்றோடு, மருத்துவர் வாய்விட்டுக் கேட்காத நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு: இதை இனிமேல் யார் பார்த்துக்கொண்டிருப்பது? நான்குக்கும் பதில் கிடைத்தால் அந்த எண்ணால் உயிர் காக்கலாம். கிடைக்காவிட்டால் அது வெறும் எண்.

பள்ளத்தாக்குக்கு ஏன் வேண்டும்

விடிவதற்கு முன்பே கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்தின் ஏலத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்கள், அதிலும் குறிப்பாகப் பெண்கள், திரும்பி வரும்போது சாயங்காலம் ஆகிவிடும். ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் அவர்கள் ஏலச்செடிக்கு நடுவில் இருப்பார்கள். மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் கூலியை விட வேண்டும். பெரிய மருத்துவமனைக்குப் போவதென்றால், கூடலூர்க்காரர் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் போய்வர வேண்டும்.

இப்படி அரிதாகக் கிடைக்கும் ஒரு சந்திப்பில் எடுக்கும் ஒரே ஓர் அளவை வைத்துத்தான் மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த அளவு ஏமாற்றக்கூடியது. மருத்துவமனைக்குள் வந்ததும் பதற்றத்தில் சிலருக்கு அழுத்தம் ஏறும். வேறு சிலருக்கு நேர்மாறாக, அங்கே சரியாக இருப்பது வீட்டில் கூடுதலாக இருக்கும். இந்த இரண்டாவது வகை ஆபத்தானது, ஏனென்றால் அது யார் கண்ணிலும் படாது. அதனால்தான் மருத்துவமனையில் 140/90 என்று வைத்திருக்கும் எல்லையை, வீட்டில் அமைதியாக உட்கார்ந்து எடுக்கும் அளவுக்கு 135/85 என்று குறைத்து வைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் நிலைமை அவசரமானது. 2020-இல் மாநில அளவில் நடந்த ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கே அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் அப்படி இருந்தவர்கள் 10.8 சதவீதம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த ஓட்டையை அடைக்க வந்த திட்டம். பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. வீட்டில் எடுக்கும் அளவு மருத்துவத்தின் பகுதியாக வேண்டும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டதற்கு இது சான்று.

எதில் பார்த்தீர்கள்

கைக்கடிகாரத்தின் அடிப்பாகத்தில் மினுக்கும் பச்சை ஒளியைப் பலரும் கவனித்திருப்பார்கள். இரத்தத்தின் சிவப்பணுக்கள் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலடி நாளங்களில் இரத்தம் கூடிக் குறையும்போது திரும்பி வரும் ஒளியும் மாறும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் கடிகாரம் துடிப்பைச் சொல்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இது நன்றாக வேலை செய்யும். மண்வெட்டி பிடிக்கும்போதும் செடிக்குச் செடி கையை வீசி வேலை செய்யும்போதும் கடிகாரம் தோலைவிட்டு அசைகிறது, வெளிச்சம் உள்ளே புகுகிறது, கையசைவின் தாளத்தையே துடிப்பென்று அது எடுத்துக்கொள்ளவும் கூடும். மேகமலையின் குளிர்ந்த காலையில் விரல் நாளங்கள் சுருங்கியிருக்கும்போது, விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியும் தடுமாறும்.

அந்த ஆக்சிஜன் அளவி கொரோனா காலத்தில் தமிழ்நாட்டின் வீடு வீடாகப் புகுந்தது. 94-க்குக் கீழே போனால் மருத்துவமனைக்கு வரவேண்டும் என்ற பாடம் பலருக்கும் மனப்பாடமானது. நோயாளி வீட்டிலிருந்து தொலைபேசியில் சொல்லும் எண்ணை நம்பி முடிவெடுக்க நம் மருத்துவர்கள் பெருமளவில் பழகியது அப்போதுதான். ஆனால் 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு அவர்களை நிமிர்ந்து உட்காரவைத்தது. அளவி 92 முதல் 96 வரை காட்டியபோது, இரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் உண்மையில் 88-க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். தோலின் நிறமி ஒளியை உறிஞ்சுவதால், கருத்த தோல் உள்ளவர்களுக்குக் கருவி அளவைக் கூட்டிச் சொல்லிவிடுகிறது. வெயிலில் உழைக்கும் நம் ஊர் மக்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. கருவியை யார்மேல் சோதித்துச் சான்று கொடுத்தார்கள் என்று மருத்துவர் கேட்பது முழுக்க நியாயம்.

பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடிக்காமலே இரத்த அழுத்தம் சொல்வதாக விற்கும் கடிகாரங்களை நோயறியவும் மருந்தை மாற்றவும் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய உயர் இரத்த அழுத்தச் சங்கம் 2023 வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. ஊசி குத்தாமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் கடிகாரத்தையும் மோதிரத்தையும் நம்பாதீர்கள், அப்படி எதற்கும் நாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் உயிரே போகலாம்.

எப்போது, என்ன செய்துகொண்டிருந்தபோது

நல்ல கருவியும் தவறான அளவு தரும். இரத்த அழுத்தம் பார்க்கும்போது கை இதயத்தின் மட்டத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் தாழ்ந்து தொங்கினால் அளவு ஏழெட்டுப் புள்ளி கூடும். தடித்த கைக்குச் சிறிய பட்டை கட்டினாலும் கூடும். மலையிலிருந்து இறங்கி, டீ குடித்துவிட்டு, பேசிக்கொண்டே எடுத்தாலும் கூடும்.

சர்க்கரை அளவுக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் தனியாக ஓர் எச்சரிக்கை தேவை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை விளையும் ஊர் இது. பழத்தை உரித்த கையோடு விரலில் குத்தி அளந்தால் என்ன ஆகும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் சோதித்து 2011-இல் எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பழங்களில் திராட்சையும் ஒன்று. கை கழுவாதபோது கருவி தவறான, மிக உயர்ந்த அளவைக் காட்டியது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் சரியாகவில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகே சரியான அளவு வந்தது. திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டிவிட்டு வந்த ஒருவர் காட்டும் 300-ஐப் பார்த்து மருந்தைக் கூட்டும் முன், கையைக் கழுவினாரா என்று கேட்கும் மருத்துவர் அவரைச் சந்தேகப்படவில்லை, காப்பாற்றுகிறார்.

கருவிக்கென்று அனுமதிக்கப்பட்ட பிழையும் உண்டு. வீட்டுச் சர்க்கரை அளவிகளுக்கான உலகத் தரம், 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை விலகலை ஏற்கிறது. உண்மையில் 200 இருப்பது 170 என்றும் வரலாம், 230 என்றும் வரலாம். நேற்று 180, இன்று 205 என்று கலங்குபவரிடம் இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னால், அது அலட்சியம் அல்ல, கணக்கு.

கடிகாரம் எச்சரித்தால்

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ஆப்பிள் இதய ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறைக் கடிகாரத்தால் கண்டுபிடிக்க முடியுமா என்பது கேள்வி. இந்தக் கோளாறில் இரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். கலந்துகொண்டவர்கள் 4,19,297 பேர். துடிப்பு ஒழுங்கில்லை என்ற எச்சரிக்கை வந்தவர்கள் 2,161 பேர், அதாவது 0.52 சதவீதம். நாற்பது வயது வரையிலானவர்களில் இது 0.16 சதவீதம்தான், 65-ஐத் தாண்டியவர்களில் சுமார் 3 சதவீதம். எச்சரிக்கை வந்தவர்களுக்கு மார்பில் ஒட்டும் பட்டை அனுப்பினார்கள். அதை அணிந்து திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 சதவீதத்தினருக்குக் கோளாறு பதிவாகியிருந்தது.

மீதிப் பேருக்கு வந்தது பொய்யெச்சரிக்கை என்று இதற்குப் பொருள் இல்லை. இந்தக் கோளாறு வந்து வந்து போகும், பட்டை ஒட்டியிருந்த நாட்களில் வராமல் இருந்திருக்கலாம். கடிகாரமும் பட்டையும் ஒரே நேரத்தில் இருந்தபோது, கடிகாரம் எச்சரித்த நேரங்களில் 84 சதவீதத்தில் பட்டையும் அதை உறுதிசெய்தது. இந்த ஆய்விலிருந்து மருத்துவர் எடுத்துக்கொள்ளும் பாடம் தெளிவானது: எச்சரிக்கை என்பது நோய் முடிவு அல்ல, முறையான ஈ.சி.ஜி எடுக்கச் சொல்லும் காரணம். 70 வயதுப் பெரியவருக்கு எச்சரிக்கை வந்தால் உடனே எடுக்க வேண்டும். 25 வயதுக் கல்லூரி மாணவருக்கு வந்தாலும் எடுக்கலாம், ஆனால் பயத்தில் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. இன்னொன்று: எச்சரிக்கை வராததால் இதயம் நலமாக இருக்கிறது என்றும் ஆகாது. நெஞ்சு வலிக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

யார் பார்ப்பது

மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை உணரி கால் மணி நேரத்துக்கு ஒன்று என்று பதிவு செய்தால் 14 நாளில் 1,344 அளவுகள் சேரும். 67 நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2017-இல் வந்த கட்டுரையின்படி, முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல், இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம். இரண்டு நிமிடத்தில் 1,344 எண்களைப் படிக்க யாராலும் முடியாது. பெரியாற்றுத் தண்ணீர் மடையும் வாய்க்காலும் இருப்பதால்தான் கம்பம் வயலுக்குப் பாசனமாகிறது, இல்லாவிட்டால் வெள்ளம். தரவுக்கும் மடை வேண்டும்.

அப்படி ஒரு மடையை ராஜர் மேஸி என்ற ஆய்வாளர் 1987-இலேயே முன்வைத்தார். பல நாள் அளவுகளை ஒரே நாளின் 24 மணி நேரத்துக்குள் அடுக்கி, எந்த வேளையில் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதை ஒரே பக்கத்தில் காட்டும் படம் அது. 2019-இல் பன்னாட்டு வல்லுநர்கள் அதற்கு இலக்கும் வகுத்தார்கள். பெரும்பாலான நோயாளிகளுக்கு 70 முதல் 180-க்குள் இருக்கும் நேரம் நாளில் 70 சதவீதத்தைத் தாண்ட வேண்டும், 70-க்குக் கீழே போகும் நேரம் 4 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஒரு பக்கம், இரண்டு எண். இதை இரண்டு நிமிடத்திலும் பார்க்கலாம்.

ஆனால் சுருக்கம் மட்டும் போதாது. அதற்கு எதிர்முனையில் ஆள் வேண்டும். இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் இதைக் காட்டின. 2010-இல் அமெரிக்காவில் 1,653 பேரிடம் நடந்த ஆய்வில், நோயாளிகள் தினமும் தானியங்கித் தொலைபேசியில் எடையையும் அறிகுறிகளையும் சொன்னார்கள். பயன் இல்லை. 14 சதவீதம் பேர் ஒருமுறைகூட அழைக்கவில்லை, கடைசி வாரத்தில் வாரம் மூன்று முறையாவது அழைத்தவர்கள் 55 சதவீதம்தான். 2018-இல் ஜெர்மனியின் சாரிட்டே மருத்துவமனை 1,571 பேரிடம் நடத்திய ஆய்வில் நோயாளிகளின் அளவுகள் ஒரு மையத்துக்கு வந்தன. அங்கே மருத்துவரும் செவிலியரும் 24 மணி நேரமும் இருந்தார்கள். எடை ஏறினால் அன்றே அழைத்து மருந்தை மாற்றினார்கள். ஆண்டுக்கு நூற்றுக்கு 11.3 ஆக இருந்த இறப்பு 7.9 ஆகக் குறைந்தது. இரண்டு ஆய்வுகளும் பல வகையில் வேறுபட்டவைதான். ஆனாலும் இரவும் பகலும் அளவைப் பார்த்து உடனே செயல்பட ஆள் இருந்தது ஜெர்மனியில்தான்.

பொறுப்பு குறித்த மருத்துவரின் அச்சம் இங்கேதான் வேர்விடுகிறது. இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் 190/110 என்று ஒரு படம் வருகிறது. அவர் தூங்கிவிட்டார். காலையில் பார்க்கும்போது அந்த நோயாளிக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது? தொலைமருத்துவத்துக்கு 2020 மார்ச் 25 அன்று வந்த இந்திய வழிகாட்டியின்படி, ஆலோசனைக்குப் பயன்பட்ட படங்களையும் தரவுகளையும் மருத்துவர் பாதுகாத்து வைக்க வேண்டும். ஆளும் நேரமும் ஒதுக்காமல் பொறுப்பை மட்டும் அவர் தலையில் வைப்பது அநியாயம்.

தேனி ஏற்கெனவே செய்தது

இதற்குத் தேனி மண்ணிலேயே விடை இருக்கிறது. மதுரையில் 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985-இல் தேனியில் கிளை திறந்தது. 2000-களின் நடுவில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் பிரூவர் தலைமையிலான குழுவும் இன்டெல் நிறுவனமும் அரவிந்தோடு சேர்ந்து, தேனி மருத்துவமனையைச் சுற்றுவட்டார ஊர்களின் பார்வை மையங்களோடு கம்பியில்லா இணைப்பால் இணைத்தன. வீட்டுக்குள் பயன்படுத்தும் வைஃபை சில பத்து மீட்டருக்காக வடிவமைக்கப்பட்டது. தூரம் கூடினால், செய்தி கிடைத்தது என்ற பதில் வந்து சேரும் முன்பே அனுப்பியவர் மறுபடி அனுப்பி எல்லாம் மோதிக்கொள்ளும். பெர்க்லி குழு ஒவ்வொரு முனைக்கும் பேசும் நேரத்தை முறைவைத்துப் பிரித்து, ஒரே திசையில் பாயும் அலைவாங்கிகளைப் பொருத்திப் பல கிலோமீட்டர் தாண்டவைத்தது. கிராமத்தில் இருக்கும் நோயாளியின் கண்ணைத் தேனி மருத்துவர் படத்தில் பார்த்து, அவரோடு நேருக்கு நேர் பேசவும் முடிந்தது.

அது ஏன் வென்றது? நான்கு கேள்விகளுக்கும் அங்கே பதில் இருந்தது. அளவெடுத்தவர் பயிற்சி பெற்ற பணியாளர். கருவி எது என்று மருத்துவருக்குத் தெரியும். பரிசோதனை ஒரே ஒழுங்கில் நடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மறுமுனையில் அந்த நோயாளிக்காக நேரம் ஒதுக்கிய மருத்துவர் உட்கார்ந்திருந்தார்.

இதற்கு விலையுயர்ந்த கடிகாரம் தேவையில்லை என்பதையும் ஓர் ஆய்வு சொல்கிறது. 2018-இல் பிரிட்டனில் ரிச்சர்ட் மக்மேனஸ் குழு 1,182 பேரை மூன்றாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல மருத்துவமனை அளவை வைத்து மருந்து. இன்னொரு பிரிவினர் மாதம் ஒரு வாரம் வீட்டில் அளந்து தாளில் எழுதி அனுப்பினார்கள். மூன்றாம் பிரிவினர் அதையே செல்பேசிக் குறுஞ்செய்தியில் அனுப்பினார்கள். ஓராண்டு முடிவில் மேல் அழுத்தத்தின் சராசரி முறையே 140.4, 137.0, 136.0. தாளில் எழுதியவர்களும் செல்பேசிக்காரர்களை ஏறக்குறைய எட்டிப்பிடித்துவிட்டார்கள். நன்மை செய்தது, அந்த அளவைப் பார்த்து மருத்துவர் மருந்தை மாற்றியதுதான்.

கடிகாரம் வாங்க வசதியுள்ளவர்களைவிட, வாங்க முடியாத ஏலத் தோட்டத் தொழிலாளிக்கே வீட்டு அளவு அதிகம் தேவை. தன்னார்வலர் வீட்டில் எடுக்கும் அளவும் நோயாளி நோட்டில் எழுதும் அளவும் மருத்துவர் கண்ணில் பட்டு, அதே வாரத்தில் மருந்து மாற வேண்டும். அதற்காக ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு செவிலியருக்கு வாரத்தில் சில மணி நேரத்தை இந்த வேலைக்கென்றே ஒதுக்க வேண்டும். எந்த அளவுக்கு மேல் போனால் யாரை அழைப்பது என்பதை நோயாளிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நோயாளியின் தரவு அவர் சம்மதமின்றி வேறு கைக்குப் போகக் கூடாது என்பதற்கு 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதை மருத்துவமனைகளும் செயலி நிறுவனங்களும் மதிக்க வேண்டும்.

வாசகரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் கைப்பட்டை வைத்த பிரஷர் கருவி இருந்தால், மருத்துவரைப் பார்க்கும் முன் ஏழு நாள் காலையும் மாலையும் அளந்து பாருங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். தேதி, நேரம், மாத்திரை போட்டீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு பக்கத்தை மருத்துவர் கையில் கொடுத்து, இதை வைத்து என் மருந்தை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, பார்ப்பது அவர் கடமை.